கோப்பியை விட்ட தவக்காலம்

கிரீன் டீயின் முதல் வாய் வைக்கோல் ஊறிய தண்ணீர் போல இருந்தது. இரண்டாவது வாயும் அப்படித்தான். மூன்றாவதற்கு முன்னால் பெட்டியைத் திருப்பி, பின்புறம் அச்சடித்திருந்ததை வாசித்தேன். கொதிக்கும் தண்ணீரை ஊற்றக் கூடாதாம். சற்று ஆறவிட்டு ஊற்ற வேண்டுமாம். நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தேன். அதில் இருந்த நல்லதெல்லாம் வெந்து போயிருக்குமோ என்று ஒரு கவலை வந்தது. அந்தக் கோப்பையைக் கொட்டிவிட்டு வேறொன்று போடலாமா, அல்லது கொட்டுவது வீணாகுமா என்று யோசித்துக்கொண்டே முழுவதையும் குடித்து முடித்திருந்தேன்.

மாமி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் எனக்கென்று ஊற்றிய கோப்பி இருந்தது.

"வேணாமா புள்ள?"

"இல்ல மாமி. கோப்பிய விட்டுட்டேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "நல்லது புள்ள. நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு, கோப்பியைக் கொண்டுபோய், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தன் மகனிடம், என் கணவரிடம், கொடுத்தார். என்ன நல்ல காரியம் என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் கோவிலில் பங்குச் சுவாமி என் நெற்றியில் சாம்பலைப் பூசியபோதுதான் புரிந்தது. அன்று விபூதிப் புதன். தவக்காலத்தின் முதல் நாள். பிடித்ததொன்றை ஆண்டவருக்காக விடுகிற ஒறுத்தலாக நான் கோப்பியை விட்டேன் என்று மாமி நினைத்துவிட்டார்.

உண்மையில் நான் முந்தின நாள் மாத்தளை டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மகளுக்கு அப்போது ஏழு மாதம். சில வாரங்களாக என் நெஞ்சு காரணமில்லாமல் படபடக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் அலுவிகாரையில் பெரிய பாதையின் ஓரத்தில் இருக்கிறோம். தம்புள்ளைக்குப் போகிற பாரம் ஏற்றிய லொறி கடக்கும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். லொறி போய்விட்டால் நின்றுவிடும். என் நெஞ்சுக்குள் அப்படி ஒரு அதிர்வு, லொறி இல்லாமலே. பிள்ளைக்குத் துணி அலசும்போது வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும்.

என் அம்மாவுக்கு இப்படித்தான் இருந்தது. "நெஞ்சு படபடன்னு இருக்கு, ஒரு கோப்பி குடிச்சா சரியாப் போயிரும்" என்பார். நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் தண்ணீர்ப் பைப்படியில் விழுந்தார். எழும்பவில்லை. அம்மாவைப் பற்றி எனக்கு நிறைய ஞாபகங்கள் இருக்கின்றன. ஆனால் மகள் பிறந்த பிறகு இது ஒன்று மட்டும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு ஒன்பதாம் வகுப்பு வரையாவது அம்மா இருந்தார். என் மகளுக்கு இன்னும் உட்காரவே சரியாகத் தெரியாது.

டாக்டர் நல்ல மனிதர். சிங்களத்தில் மெதுவாக, நான் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதுபோலப் பேசினார். கோப்பி எத்தனை தடவை குடிப்பீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டில் எழும்பினால் கோப்பி, பூசை முடிந்து வந்தால் கோப்பி, யாராவது வந்தால் கோப்பி, வந்தவர் போனால் களைப்புக்குக் கோப்பி என்று சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். கோப்பியைக் குறைத்துப் பாருங்கள் என்றார். அதோடு ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒரு ஸ்கேனும் ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், பயப்பட அல்ல, பார்த்துக்கொள்வது நல்லது என்றார்.

நான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திரும்பி வரும்போது சுப்பர் மார்க்கெட்டில் இறங்கி ஒரு பெட்டி கிரீன் டீ வாங்கினேன். பஸ்ஸில் வரும்போதே தொலைபேசியில் அதைப் பற்றி நிறைய வாசித்துவிட்டேன். இதயத்துக்கு நல்லது, இரத்தத்துக்கு நல்லது, எல்லாவற்றுக்கும் நல்லது. ஸ்கேனைப் பற்றி ஒன்றும் வாசிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடும். கிரீன் டீ குடித்தால் ஒன்றும் தெரியவராது, ஆனால் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று இருக்கும்.

கணவரிடமும் அந்தப் பாதியைத்தான் சொன்னேன். அவர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் கணக்கு எழுதுகிறார். விடியுமுன் போய் பின்னேரம் வருவார்.

"கோப்பிதானா? நல்லவேள. ஆனா அம்மாகிட்ட சொல்லிராத. அன்பியத்துக் குடும்பம் எல்லாத்துலயும் ஜெபம் வச்சிருவாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம சுவாமியே ஒன்ன கூப்பிட்டு விசாரிப்பாரு."

ஆகவே சொல்லவில்லை. மாமி ஒறுத்தல் என்று நினைத்ததும் ஒருவகையில் வசதியாகப் போய்விட்டது. அந்த வீட்டில் கோப்பி வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமல்ல. பின்வளவில் மூன்று கோப்பி மரங்கள் நிற்கின்றன. பழம் பறிப்பது, காயவைப்பது, குத்துவது, கொத்தமல்லியும் சுக்கும் கொஞ்சம் மிளகும் சேர்த்து வறுப்பது எல்லாம் மாமியின் கைதான். கடைக் கோப்பித்தூளை அவர் "கரித்தூள்" என்பார். அப்படிப்பட்டவரிடம் உங்கள் கோப்பி என் நெஞ்சுக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பது மரியாதையா, பயமா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் ஒவ்வொரு நாளும் மாறியது.

மாமி சின்ன வயதில் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். கிரீன் டீ பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார்.

"இது பச்ச கொழுந்துதானே?"

"ஆமா மாமி. கறுப்பாக்காம காயவச்சது."

"ஆயுசு பூரா எங்கம்மா இத முதுகுல சுமந்தாங்க. ஒரு நாளும் இப்புடி தண்ணியில போட்டு குடிக்கல" என்றார். பிறகு என் முகம் வாடியதைப் பார்த்து, "சரி, ஒறுத்தல்னா இப்புடித்தான் இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து கோவில் முற்றத்தில் பெண்கள் நின்றபோது விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"கோப்பிய விட்டுட்டு தேத்தண்ணிக்கு போனா அது என்னா ஒறுத்தல்? கோழிய விட்டுட்டு மீன் திங்கிற மாதிரிதானே?"

மாமி திரும்பினார். "நீ வீட்டுக்கு வந்து அதுல ஒரு வாய் குடிச்சு பாரு. பொறகு வந்து பேசு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னாரு, அவ்வளவுதான், என்று. ஆனால் மாமி என் பக்கம் நின்று வாதாடிய பிறகு அவரைத் தனியே விட்டுவிட மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த அக்கா, "நீங்க என்னா விட்டீங்க மாமி இந்த வருசம்?" என்று கேட்டார்.

"நானுந்தான் கோப்பிய விட்டேன்" என்றார் மாமி.

எனக்குத் தெரியாது. புதன்கிழமையிலிருந்து அவரும் குடிக்கவில்லை. மகனுக்கும் வந்தவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை. மருமகள் விட்டால் மாமியாரும் விடுகிறார் என்று முற்றத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்குத் தலை குனிந்துவிட்டது. மாமி கோப்பி இல்லாமல் ஒரு நாள் இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரங்கள் மோசமாக இருந்தன. மாமிக்குத் தலைவலி வந்தது. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நடந்தார். விடியற்காலையில் மகனுக்குக் கோப்பி ஊற்றும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். கோழிகளை ஏசினார். மாலைச் செய்தி வாசிக்கிற பெண்ணை ஏசினார். "அந்தப் பொண்ணு ஒங்களுக்கு என்னா செஞ்சா அம்மா?" என்று கணவர் கேட்டதற்கு, "சிரிக்கிறா" என்றார்.

"நீங்க குடிங்க மாமி. வயசானவங்களுக்கு ஒறுத்தல் கட்டாயமில்லன்னு சுவாமியே சொன்னாருதானே" என்றேன்.

"யாருக்கு வயசு?" என்றார்.

அவருடைய தலைவலிக்கு நான்தான் காரணம் என்ற நினைப்பு ஒரு பக்கம். என் நெஞ்சு இன்னொரு பக்கம். ஏனென்றால் படபடப்பு நிற்கவில்லை. முதல் வாரம், உடம்பிலிருந்து கோப்பி போக நாள் எடுக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம், கிரீன் டீயைப் பிழையாகப் போடுகிறேன் என்று நினைத்து, தண்ணீர் கொதித்த பிறகு கேத்தலின் மூடியைத் திறந்து வைத்து ஆறவிட்டேன். பிறகு வெறும் வயிற்றில் குடிப்பதாலோ என்று சாப்பிட்ட பின் குடித்தேன். சாப்பிட்ட பின் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று எங்கோ வாசித்து, நடுநேரத்துக்கு மாற்றினேன். ஒரு பெட்டி முடிந்ததும் வேறொரு பெட்டி, எலுமிச்சை மணம் போட்டது. உண்மையில் நான் நாள் முழுவதும் அந்தக் கோப்பையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறக்கும் வரை பலாபத்வலப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்தவள் நான். ஒரு பிள்ளை இப்படி ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதினால், பக்கத்தைத் திருப்பு, வினாவை முதலிலிருந்து வாசி என்று சொல்லியிருப்பேன்.

வினாவை நான் வாசிக்கவில்லை. மகளுக்குப் பால் கொடுக்கும்போது இடது கையின் மணிக்கட்டை வலது கை விரல்கள் தேடிப் போகும். எதிர்ச் சுவரில் மணிக்கூடு. விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு எண்ணுவேன். நடுவில் மகள் பாலை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி தொடங்குவேன். என் நெஞ்சு ஓடுவது அவள் காதுக்குக் கேட்குமா, கேட்டுத்தான் தூங்காமல் முழிக்கிறாளா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

பெரிய சனிக்கிழமை மத்தியானம் மாமி பின்வளவில் அடுப்பை மூட்டினார். தலையில் கட்டு இல்லை. மறுநாள் உயிர்ப்புப் பெருநாள், ஈஸ்டர். ஒறுத்தல் முடிகிறது. பெரிய இரும்புத் தாச்சியில் கோப்பிக் கொட்டைகளைப் போட்டு, நீளக் கரண்டியால் கிண்டத் தொடங்கினார்.

"வா புள்ள, வந்து மோந்து பாரு. நாளைக்கு பூச முடிஞ்சு வந்து ரெண்டு பேருமா குடிப்போம். இந்தத் தடவ சுக்கு கூடப் போடப் போறேன்."

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றேன். கொட்டைகள் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பழுப்பாகிக்கொண்டிருந்தன. புகையோடு மணம் எழும்பியது. எனக்கு உண்மையிலேயே நாக்கில் நீர் ஊறியது. நாளைக்குக் குடித்துவிடலாமா, ஒரு கோப்பை தானே, மாமி இத்தனை நாள் பொறுத்திருந்தாரே, குடிக்காவிட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கும்போதே அது வந்துவிட்டது. இதுவரை வந்ததைவிட வேகமாக. ஒரு துளி கோப்பி உள்ளே போகவில்லை. காலையில் குடித்த கிரீன் டீ எலுமிச்சை மணம் போட்டது, கணக்காக ஆறவிட்டுப் போட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமி கரண்டியை நிறுத்தாமல் கேட்டார். "என்னா, வருதா?"

"என்னது மாமி?"

"அதான். நெஞ்சு."

 அவர் எழுந்து வந்து மகளை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பப் போய்க் கரண்டியை எடுத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்கு எப்புடி தெரியும்?"

"புள்ளைக்கு பால் குடுக்குறப்ப புள்ளைய பாக்க மாட்ட. எந்நேரமும் மணிக்கூட்டத்தான் பாக்குற. நான் மொதல்ல நெனச்சேன், இந்தக் கெழவி எப்ப எந்திரிச்சு போவான்னு பாக்குறாளோன்னு. பொறகு பாத்தா கைய புடிச்சுகிட்டு எண்ணுற." அவர் கொட்டைகளைப் புரட்டினார். "நெஞ்சுக்குன்னுதானே கோப்பிய விட்டு நேந்துகிட்ட? அதுக்குத்தான் நானும் விட்டேன். ஒருத்தி கேட்டா ஆண்டவருக்கு காது கேக்குதோ என்னமோ, ரெண்டு பேரா கேப்போமேன்னு."

இத்தனை வாரமும் எதை மறைக்கிறேன் என்று நினைத்துத் தவித்தேனோ, அதற்காகத்தான் அவர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். நேர்ச்சை இல்லை மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். நெஞ்சுக்காக விட்டேன் என்பது உண்மைதான். அதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"கொறஞ்சிச்சா?"

"இல்ல மாமி."

"கொஞ்சமாச்சும்?"

"இல்ல. கூடியிருக்கு."

அவர் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன்."

"என்னா சொன்னாரு?"

"கோப்பிய கொறைக்கச் சொன்னாரு."

"அது மட்டுமா சொன்னாரு?"

இப்போது வேறு வழி இருக்கவில்லை. ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். மாமிக்கு அது தெரிந்த கதைதான். ஆனால் அந்தப் பைப்படியையும் அந்தக் கோப்பிப் பேச்சையும் நான் அவரிடம் முன்பு சொன்னதில்லை. மகள் அவர் இடுப்பிலிருந்து கரண்டியைப் பிடிக்க எட்டிக்கொண்டிருந்தாள். மாமி கரண்டியை மறந்துபோயிருந்தார். தாச்சியிலிருந்து வந்த புகை கறுத்ததும்தான் இருவரும் பார்த்தோம். அவர் அவசரமாகத் தாச்சியை இறக்கினார். பாதிக் கொட்டைகள் கருகியிருந்தன.

"போகட்டும்" என்றார். நான் அவர் வீட்டுக்கு வந்த பிறகு கோப்பிக் கொட்டையைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆஸ்பத்திரி என்னைக்கு இருக்கு?"

மறுநாள் பெருநாள் காலையில் அவர் தன் கோப்பையைக் கையில் எடுத்தார், ஆனால் எனக்கு ஊற்றவில்லை. "நீ இப்ப குடிக்காத. டாக்டர் பாத்து சொல்லட்டும்." முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னாம்மா இது, கருகின வாடை?" என்றார். "ஒறுத்தல் இன்னும் முடியல, குடி" என்றார் மாமி.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில், ஸ்கேன் எடுக்கிற அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, எழும்பிப் போய்விடலாமா என்று நான் பலமுறை நினைத்தேன். மகள் அழுகிறாள், வெயில் ஏறுகிறது, வேறொரு நாள் வரலாம். ஒவ்வொரு காரணமும் நல்ல காரணமாகவே இருந்தது. மாமி என் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் வாயைத் துடைப்பதற்காகப் பிடித்திருப்பது போல, ஆனால் விடவில்லை. உள்ளே போனேன். நெஞ்சில் குளிர்ந்த, பசை போன்ற களியைப் பூசினார்கள். திரையில் என்னுடைய இதயம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நான் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று ஒரு வெட்கம்கூட வந்தது.

சில நாள் கழித்து முடிவுகளுக்காகத் திரும்பப் போய், மாமியையும் மகளையும் வெளியே இருத்திவிட்டு டாக்டரைப் பார்த்தேன். இதயத்தில் பிழையொன்றும் இல்லை என்றார்கள். இரத்தத்தில் இருந்தது. கழுத்தில் இருக்கிற தைரொய்ட் சுரப்பி கொஞ்சம் அதிகமாக வேலை செய்கிறதாம். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு இப்படி வருமாம். அனேகமாகத் தானாக அடங்கிவிடும், சில வாரம் கழித்து இரத்தத்தைத் திரும்பப் பார்ப்போம், அதற்குள் படபடப்பு கூடினால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். நான் கிரீன் டீயைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் கோப்பியில் இருக்கிற அதே காபீன் அதிலும் கொஞ்சம் இருக்கிறது, இரண்டையுமே அளவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பஸ்ஸில் இதை மாமிக்குச் சொன்னேன். கழுத்தா என்று ஆச்சரியப்பட்டுத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப கோப்பி மேல குத்தமில்ல."

"இல்ல மாமி."

"அந்தப் பச்சத் தண்ணியாலயும் ஒண்ணும் ஆகல."

"இல்ல."

"அப்ப நாப்பது நாளு நம்ம ரெண்டு பேரும் சும்மாவா கெடந்தோம்?"

 கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன். அனேகமாக அடங்கிவிடும் என்றார் டாக்டர். அனேகமாக என்றால் என்ன? அடங்காவிட்டால்? சில வாரம் என்றால் எத்தனை? இதயத்தில் ஒன்றுமில்லை என்ற சந்தோஷம் முழுதாக வந்து சேர்வதற்குள் அடுத்த கவலை அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அலுவிகாரை நெருங்க நெருங்க நெஞ்சுக்குள் அந்த அதிர்வு மெல்லத் தொடங்கியது. இது சுரப்பியின் வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலது கை இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. கண் பஸ்ஸுக்குள் மணிக்கூட்டைத் தேடியது.

மாமி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கைய எடு. இந்தா, புள்ளைய புடி" என்று மகளைத் தூக்கி என் மடியில் வைத்தார். அவளைப் பிடிக்க எனக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.